மொழிபெயர்த்தே மொழி கற்றவர்கள்

பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முன்னால் நடந்தது. வேலை விஷயமா ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட் பக்கம் ஒரு சின்ன ஊரில் இருந்தேன். கூட வேலை பார்த்த நண்பனின் மனைவிக்குப் பிரசவ நேரம். உதவிக்கு ஊரிலிருந்து அவன் அம்மா வந்திருந்தார். ஒரு நாள் மத்தியானம் நண்பன் போன் பண்ணினான்: "நான் ஆஸ்பத்திரியில இவ கூட இருக்கேன், வீட்ல அம்மாவுக்கு என்னமோ பண்ணுதாம், கொஞ்சம் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறியா? உனக்குத்தான் ஜெர்மன் தெரியுமே!"

தெரியும்தான். அலுவலகம் ஏற்பாடு செய்த வகுப்பில் பி1 நிலை முடித்திருந்தேன். ரொட்டிக் கடை, ரயில் நிலையம், வாடகை வீட்டுக்காரர் எல்லாம் சமாளித்தாச்சு. அந்தத் தைரியத்தில் கிளம்பினேன்.

டாக்டர் என்னிடம் கேட்டார். நான் அம்மாவிடம் கேட்டேன். அம்மா சொன்னார்: "காலையிலேருந்து தலை கிறுகிறுன்னு வருதுப்பா. நெஞ்சு படபடங்குது. வேர்த்துக் கொட்டுது. இன்னைக்குக் கிருத்திகை, பச்சத் தண்ணியைத் தவிர ஒண்ணும் சாப்பிடல. சுகர் மாத்திரை மட்டும் போட்டுக்கிட்டேன்."

நான் ஜெர்மனில் சொன்னது இவ்வளவுதான்: "தலை சுற்றுகிறது. நெஞ்சில் வலி. வேர்க்கிறது. சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறார்."

இரண்டு தப்பு. 'படபடப்பு' என்பதற்கு வார்த்தை கிடைக்காததால் 'வலி' என்று சொல்லிவிட்டேன். அதைவிடப் பெரிய தப்பு, கிருத்திகையை விட்டுவிட்டேன். விரதம், முருகன் என்று அவருக்கு விளக்க எனக்குச் சொல் இல்லை. 'இதெல்லாம் டாக்டருக்கு எதுக்கு' என்று நானே ஒரு முடிவு எடுத்துவிட்டேன். டாக்டர் முகம் மாறியது. உடனே ஈசிஜி எடுத்தார்கள். அதற்குள் ஒரு நர்ஸ் விரலில் குத்தி ரத்தச் சர்க்கரை பார்த்தார். ரொம்பக் குறைவு. "இவர் காலையில் ஏதாவது சாப்பிட்டாரா?" என்று டாக்டர் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. பழச்சாறு கொடுத்தார்கள், கால் மணி நேரத்தில் அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டார். பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. ஆனால் நோய்க்கான காரணத்தையே அந்த அம்மா தன் வாயால் சொல்லியிருந்தார். நடுவில் நின்ற நான்தான் அதை முழுங்கிவிட்டேன்.

எனக்காக நான் ஜெர்மன் பேசுவது ஒரு திறமை. இன்னொருவர் சொன்னதை ஜெர்மனுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது வேறொரு திறமை. நானாகப் பேசும்போது தெரியாத சொல்லைச் சுற்றிக்கொண்டு போய்விடலாம். அடுத்தவர் பேச்சில் அந்தச் சலுகை கிடையாது. என் வகுப்பில் இந்த இரண்டாவது திறமைக்கு ஒரு மணி நேரம்கூட ஒதுக்கியதில்லை. ஒதுக்காதது மட்டுமில்லை, அதற்குத் தடையே இருந்தது. ஜெர்மன் தவிர வேறு மொழியில் ஒரு வார்த்தை பேசக் கூடாது, மனசுக்குள்ளேகூட மொழிபெயர்க்காதே என்பதுதான் முதல் நாள் சொன்ன விதி.

இந்த விதி எங்கிருந்து வந்தது என்று தேட ஆரம்பித்தது ஒரு பொழுதுபோக்காகத்தான். தோண்டத் தோண்ட, மொழி கற்பித்தலின் வரலாற்றில் பெரும்பகுதிக்கு இதற்கு நேர் எதிரான விதி இருந்திருக்கிறது என்று தெரிந்தது.

களிமண் பலகையிலிருந்து

சுமேரிய மொழி பேச்சு வழக்கிலிருந்து மறைந்தது கி.மு. 2000-ஐ ஒட்டி. ஆனால் அதற்குப் பிறகும் பல நூற்றாண்டுகள் மெசபடோமியாவில் எழுத்தர் ஆக வேண்டுமானால் சுமேரியம் படித்தாக வேண்டும். வீட்டில் அக்காடிய மொழி பேசிய பையன்கள், பள்ளியில் களிமண் பலகையில் சுமேரியச் சொற்களை எழுதிப் பழகினார்கள். ஒரு பக்கம் சுமேரியம், எதிரே அக்காடியம் என்று இருமொழிப் பட்டியல்கள் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. உலகின் மிகப் பழைய 'அந்நிய மொழிப் பாடநூல்' என்று சொல்ல வேண்டுமானால் அவற்றைத்தான் சொல்ல வேண்டும்.

ரோமப் பேரரசு காலத்துக்கு வந்தால் எனக்கு மிகவும் பிடித்த ஒரு பாடநூல் வகை கிடைக்கிறது. 'ஹெர்மனெயுமாட்டா' என்று பெயர். கிரேக்கச் சொல், மொழிபெயர்ப்புகள், விளக்கங்கள் என்று பொருள். ஒரு பத்தியில் லத்தீன், பக்கத்துப் பத்தியில் கிரேக்கம். ஒவ்வொரு வரியிலும் இரண்டு மூன்று சொற்கள்தான், அதனால் எந்தச் சொல்லுக்கு எது என்று கண்ணாலேயே பிடித்துவிடலாம். உள்ளடக்கம் இலக்கியம் இல்லை, அன்றாட வாழ்க்கை. ஒரு பையன் காலையில் எழுந்திருக்கிறான், செருப்பு கேட்கிறான், முகம் கழுவுகிறான், பெற்றோருக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் பள்ளிக்குப் போகிறான், சாப்பிட வீட்டுக்கு வருகிறான். பெரியவர்களுக்கான பகுதிகளில் குளியல் கூடம், நீதிமன்றம், குடித்துவிட்டு வந்தவருக்கு விழும் திட்டு எல்லாம் உண்டு. நம்ம ஊர் பஸ் ஸ்டாண்டு கடையில் விற்கும் 'முப்பது நாளில்' புத்தகங்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஆயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கும் மேலாக வடிவம் பெரிதாக மாறவில்லை.

இது தொடக்க நிலைக்கு. மேல்நிலைக்கும் மொழிபெயர்ப்புத்தான் பயிற்சி. சிசரோ தன் 'பேச்சாளன் பற்றி' நூலில், கிராசுஸ் என்ற பாத்திரத்தின் வாயிலாக, கிரேக்கப் பேச்சுகளை லத்தீனில் ஆக்கிப் பார்ப்பதைப் பயிற்சியாகச் சொல்கிறார். இளைய பிளினி ஓர் இளைஞனுக்கு எழுதிய கடிதத்தில், கிரேக்கத்திலிருந்து லத்தீனுக்கும் லத்தீனிலிருந்து கிரேக்கத்துக்கும் இரண்டு பக்கமும் மொழிபெயர்க்கச் சொல்கிறார். காரணமும் அருமையானது: வாசிக்கும்போது நம் கண் சிலவற்றைத் தாண்டிப் போய்விடும், மொழிபெயர்க்கும்போது எதையும் தாண்ட முடியாது. கிருத்திகையைத் தாண்டிய என்னை அந்த மனுஷன் பார்த்திருந்தால் சிரித்திருப்பார்.

ஓடிப்போன பையன்களும் ஒரு டிஃப் முறையும்

1563 டிசம்பர். லண்டனில் கொள்ளைநோய் என்பதால் எலிசபெத் ராணியின் அவை விண்ட்சர் கோட்டையில் இருக்கிறது. அமைச்சர் வில்லியம் செசில் அறையில் விருந்து. ஈட்டன் பள்ளியில் அடி தாங்காமல் சில பையன்கள் ஓடிப்போய்விட்டார்கள் என்ற செய்தியை செசில் சொல்கிறார். அடித்துச் சொல்லிக்கொடுக்கலாமா கூடாதா என்று சாப்பாட்டு மேசையில் விவாதம். ரோஜர் ஆஸ்கம் என்ற ஆசிரியர், கூடாது என்ற பக்கம். எலிசபெத் இளவரசியாக இருந்தபோது அவருக்குப் பாடம் சொன்னவர் இவர்தான்.

விருந்து முடிந்ததும் ரிச்சர்ட் சாக்வில் என்பவர் ஆஸ்கமைத் தனியே அழைக்கிறார். சின்ன வயதில் ஒரு முரட்டு வாத்தியார் அடித்த அடியில் தனக்குப் படிப்பின் மேலேயே வெறுப்பு வந்துவிட்டதாகவும், தன் பேரனுக்காவது அது நடக்கக் கூடாது, ஒரு முறையை எழுதிக் கொடுங்கள் என்றும் கேட்கிறார். அப்படிப் பிறந்ததுதான் 'பள்ளி ஆசிரியர்' என்ற நூல். ஆஸ்கம் 1568-ல் இறந்துபோக, அவர் மனைவி 1570-ல் அச்சிட்டு வெளியிட்டார்.

அதில் அவர் சொல்லும் முறையின் பெயர் இரட்டை மொழிபெயர்ப்பு. செய்முறை இது:

முதலில் ஆசிரியர் சிசரோவின் ஒரு கடிதத்தை எடுத்துப் பொருள் விளக்குகிறார். பையன் அதை லத்தீனிலிருந்து ஆங்கிலத்துக்கு ஒரு நோட்டில் மொழிபெயர்க்கிறான். பிறகு லத்தீன் புத்தகத்தை வாங்கி வைத்துவிட வேண்டும். குறைந்தது ஒரு மணி நேரம் இடைவெளி. அடுத்து, பையன் தான் எழுதிய ஆங்கிலத்தை மட்டும் பார்த்து, இன்னொரு நோட்டில் திரும்ப லத்தீனாக்குகிறான். கடைசியில் சிசரோவின் மூலத்தையும் பையனின் லத்தீனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இருவரும் உட்கார்ந்து ஒப்பிடுகிறார்கள். நன்றாக வந்த இடத்தில் பாராட்டு. தவறிய இடத்தில் திட்டு கிடையாது. சிசரோ இங்கே இந்தச் சொல்லைப் போட்டிருப்பார், இந்த வரிசையில் எழுதியிருப்பார் என்று மென்மையாகக் காட்ட வேண்டும்.

சாப்ட்வேர் ஆட்களுக்கு இதைப் படித்ததும் கை பரபரக்கும். ஒரு தரவை ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி, திரும்பப் பழைய வடிவத்துக்கே கொண்டுவந்து, முதலில் இருந்ததோடு டிஃப் எடுத்துப் பார்ப்பது நாம் தினமும் செய்யும் சோதனை. எங்கே வித்தியாசம் வருகிறதோ அங்கேதான் பிழை. ஆஸ்கம் செய்ததும் அதுதான். பையனுக்கு எது தெரியாது என்பதை வாத்தியார் ஊகிக்க வேண்டியதில்லை, பிரம்பும் தேவையில்லை. இரண்டு நோட்டும் ஒரு புத்தகமும் போதும், தவறு தானே வெளியே வந்து நிற்கும்.

எலிசபெத் இப்படித்தான் காலையில் டெமாஸ்தனீஸ், ஐசோக்ரட்டீஸ், பிற்பகலில் சிசரோ என்று ஓரிரு வருஷம் தினமும் செய்ததாக ஆஸ்கம் எழுதுகிறார். பெயர்ச்சொல், வினைச்சொல் அடிப்படைகளைத் தாண்டி இலக்கணப் புத்தகத்தையே அவர் தொடவில்லையாம். கவனிக்க வேண்டிய விஷயம்: மொழிபெயர்ப்பு இங்கே இலக்கண மனப்பாடத்துக்குத் துணையாக வரவில்லை. அதற்கு மாற்றாக வந்தது.

நடுவில் நிற்பவனை நம்பலாமா?

இதே காலத்தில் கிழக்கு மத்தியதரைக் கடல் பக்கம் வேறொரு கதை ஓடிக்கொண்டிருந்தது. வெனிஸ் நகரத்து வியாபாரமெல்லாம் ஒட்டோமான் துருக்கியை நம்பி இருந்தது. சுல்தான் அவையில் பேச மொழிபெயர்ப்பாளர் வேண்டும். 'டிராகோமன்' என்று பெயர். அரபியின் 'தர்ஜுமான்' வழியாக வந்த சொல், வேர் அக்காடிய மொழி வரைக்கும் போகிறது. இந்த டிராகோமன்கள் பலரும் சுல்தானின் குடிமக்கள். சம்பளம் வெனிஸ் கொடுக்கும், தலை சுல்தான் கையில் இருக்கும். தூதர் கோபமாக ஒன்று சொன்னால், அதை அப்படியே துருக்கியில் சொல்லும் ஆளுக்கு என்ன ஆகும்? அதனால் பேச்சு நடுவழியில் குழைந்துவிடும்.

1551-ல் வெனிஸ் ஒரு தீர்வு கண்டது. நம்ம பையன்களையே அனுப்பி மொழி கற்க வைப்போம். 'மொழி இளைஞர்கள்' என்ற பொருளில் 'ஜியோவானி டி லிங்குவா' என்று பெயரிட்டு, கான்ஸ்டான்டிநோபிளில் இருந்த தங்கள் தூதரின் வீட்டிலேயே தங்கவைத்தார்கள். 1669-ல் பிரான்சில் அமைச்சர் கோல்பேர் இதையே பின்பற்றி, சின்னப் பையன்களை அங்கிருந்த கப்புச்சின் துறவியர் மடத்துக்கு அனுப்பினார். பிறகு 1721-லிருந்து பாரிஸில் லுயி லெ கிராண் கல்லூரியில் அடிப்படை முடித்துவிட்டுக் கிழக்கே போகும் ஏற்பாடு வந்தது. 1754-ல் ஆஸ்திரியாவின் மரியா தெரேசா வியன்னாவில் கீழைமொழிக் கல்லூரியைத் தொடங்கினார். இன்றைய வியன்னா ராஜதந்திரக் கல்லூரியின் மூதாதை அதுதான்.

இந்த மாணவர்களின் பயிற்சியில் மொழிபெயர்ப்பு முக்கியமான பகுதி. பிரெஞ்சுப் பையன்கள் துருக்கி, அரபி, பாரசீகச் சுவடிகளைப் படியெடுத்து, மொழிபெயர்த்துப் பாரிஸுக்கு அனுப்பினார்கள். அவை இன்றும் பிரான்ஸ் தேசிய நூலகத்தில் இருக்கின்றன. வீட்டுப்பாடமே நூலகச் சேமிப்பாக ஆன கதை. மொழிபெயர்ப்பு இவர்களுக்குத் தேர்வுக்கான ஒரு கேள்வி மட்டும் இல்லை. நாளைக்குச் செய்யப்போகும் வேலையே அதுதான்.

நம்ம ஊரில் இதே பாத்திரத்துக்குத் துபாஷி என்று பெயர். இரண்டு மொழி உடையவர் என்று பொருள். புதுச்சேரியில் துய்ப்ளேயிடம் தலைமைத் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் படித்தவர்களுக்குத் தெரியும், அவர் செய்த வேலை வெறும் சொல்மாற்றம் இல்லை. யாரிடம் எதை, எந்த நேரத்தில், எந்தத் தொனியில் சொல்வது என்பதுதான் அந்த வேலையே. அந்த இடம் எவ்வளவு அதிகாரம் தந்ததோ, அவ்வளவு சந்தேகத்தையும் தந்தது. சென்னையில் அவதானம் பாப்பையா என்ற துபாஷி 1790களின் தொடக்கத்தில் சதி வழக்கில் சிக்கிய கதை அன்றைக்குப் பெரிய பரபரப்பு.

வெனிஸுக்கு வந்த அதே யோசனை கம்பெனிக்கும் வந்தது. 1800-ல் கல்கத்தாவில் வில்லியம் கோட்டைக் கல்லூரி, 1812-ல் சென்னையில் எல்லிஸ் முயற்சியால் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி. நுங்கம்பாக்கம் காலேஜ் ரோடு பெயருக்குக் காரணம் இந்தக் கல்லூரிதான். இங்கிலாந்திலிருந்து வரும் இளம் அதிகாரிகள் தமிழ், தெலுங்கு முதலிய மொழிகளைக் கற்றாக வேண்டும், இல்லாவிட்டால் கச்சேரியில் வரும் மனுவில் என்ன எழுதியிருக்கிறது என்பதற்கு அடுத்தவர் வாயைப் பார்க்க வேண்டும். அங்கே தமிழாசிரியராக இருந்த தாண்டவராய முதலியார் மராத்தியிலிருந்து பஞ்சதந்திரக் கதையைத் தமிழ் உரைநடையில் கொண்டுவந்தார், 1826-ல் அச்சானது. வெள்ளைக்கார மாணவர்களுக்குப் பாடநூல் வேண்டும் என்ற தேவை, தமிழ் உரைநடைக்கு ஒரு மொழிபெயர்ப்பு நூலைத் தந்துவிட்டுப் போனது.

கெட்ட பெயர் வந்த விதம்

இவ்வளவு நீண்ட பரம்பரை உள்ள ஒரு பயிற்சி, என் வகுப்பில் ஏன் தடைசெய்யப்பட்டது? பதில் 19-ம் நூற்றாண்டில் இருக்கிறது.

18-ம் நூற்றாண்டின் கடைசியில் ஜெர்மன் பள்ளிகளில் பிரெஞ்சு, ஆங்கிலம் போன்ற வாழும் மொழிகள் பாடமாக நுழைந்தன. முப்பது நாற்பது பேர் உள்ள வகுப்புக்கு ஆஸ்கம் மாதிரி பக்கத்தில் உட்கார்ந்து கடிதத்தை ஒப்பிட முடியாது. அதனால் ஒரு சுருக்குவழி: ஒரு இலக்கண விதி, அதற்குப் பத்து வாக்கியம், மொழிபெயர். அடுத்த விதி, அடுத்த பத்து வாக்கியம். மைடிங்கர் 1783-ல் வெளியிட்ட பிரெஞ்சு இலக்கணம் இந்த வகையின் ஆரம்பகால வெற்றிகளில் ஒன்று. பிறகு ஆன், ஒல்லண்டோர்ஃப், ப்ளோட்ஸ் என்று ஒரு பெரிய பட்டாளம். வாக்கியங்கள் விதிக்காகவே செய்யப்பட்டவை என்பதால் யாரும் யாரிடமும் எந்தக் காலத்திலும் சொல்லாத வாக்கியங்களாக இருந்தன. அத்தையின் பேனா, தோட்டக்காரரின் தொப்பி வகையறா. இதைத்தான் பின்னால் 'இலக்கண–மொழிபெயர்ப்பு முறை' என்று அழைத்தார்கள்.

என் பள்ளிக்கூடத்து இங்கிலீஷ் வகுப்பு இதன் தூரத்துச் சொந்தம். வாத்தியார் ஒரு வரி படிப்பார், தமிழில் அர்த்தம் சொல்வார், அடுத்த வரிக்குப் போவார். மொழிபெயர்ப்பு முழுக்க அவருடையது. நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம். பன்னிரண்டு வருஷம் இப்படிப் படித்துவிட்டு, இன்ஜினியரிங் காலேஜில் முதல் நாள் அறிமுகம் சொல்ல எழுந்து நின்று வேர்த்தது தனிக்கதை.

1882-ல் வில்ஹெல்ம் வியெட்டோர் புனைபெயரில் ஒரு சிறு நூல் வெளியிட்டார். மொழிப்பாடம் தலைகீழாகத் திரும்பியாக வேண்டும் என்பது அதன் தலைப்பின் சாரம். முதலில் பேச்சு, ஒலி. துண்டு வாக்கியங்கள் வேண்டாம், முழுப் பத்திகள் வேண்டும். இந்தச் சீர்திருத்த இயக்கத்தில் 1886-ல் பால் பாஸி பாரிஸில் தொடங்கிய அமைப்புதான் இன்றைய பன்னாட்டு ஒலியியல் சங்கம். ஆனால் ஒரு நுணுக்கம்: இவர்களில் பலர் மொழிபெயர்ப்பை முழுதாக ஒழிக்கச் சொல்லவில்லை. ஹென்றி ஸ்வீட் 1899-ல் எழுதிய நூலில்கூட, ஒரு சொல்லின் பொருளைச் சட்டென்று காட்ட மொழிபெயர்ப்பு பயன்படும் என்று ஏற்றுக்கொள்கிறார்.

முழுத் தடை போட்டது வகுப்பறை இல்லை, சந்தை. 1878-ல் அமெரிக்காவின் ப்ராவிடன்ஸ் நகரில் மேக்ஸிமிலியன் பெர்லிட்ஸ் பள்ளி தொடங்கினார். ஆங்கிலம் தெரியாத ஒரு பிரெஞ்சுக்காரரை உதவிக்கு வைத்துவிட்டு இவர் நோயில் படுத்துவிட, சில வாரம் கழித்து வந்து பார்த்தால் மாணவர்கள் பிரெஞ்சில் பேசிக்கொண்டிருந்தார்கள் என்பது அந்த நிறுவனத்தின் தொடக்கப் புராணம். புராணம் எப்படியோ, ஏற்பாடு புத்திசாலித்தனமானது. பல நாட்டுக் குடியேறிகள் ஒரே வகுப்பில் உட்காரும் அமெரிக்காவில் எந்த மொழிக்கு மொழிபெயர்ப்பது? கற்பிக்கும் மொழியைத் தவிர வேறு எதுவும் வேண்டாம் என்றால், ஆசிரியரை எங்கே வேண்டுமானாலும் அனுப்பலாம், ஒரே புத்தகத்தை உலகம் முழுக்க விற்கலாம். இருபதாம் நூற்றாண்டில் ஆங்கிலப் பாடநூல் தொழில் இதே கணக்கில்தான் வளர்ந்தது. 1961-ல் உகாண்டாவின் மகரேரேயில் நடந்த காமன்வெல்த் மாநாட்டை ஒட்டி உறுதிப்பட்ட கொள்கைகளில், ஆங்கிலத்தை ஆங்கிலத்தில் மட்டுமே கற்பிப்பது சிறந்தது என்பதும் ஒன்று. வசதிக்காக வந்த ஏற்பாடு, காலப்போக்கில் கற்றல் விதியாகவே ஆகிவிட்டது.

எதிர்க்குரல் இல்லாமல் இல்லை. 1967-ல் வேல்ஸின் டாட்சன், தாய்மொழியை அளவோடு பயன்படுத்தும் இருமொழி முறையை முன்வைத்தார். 2010-ல் கை குக் இந்தத் தடைக்கு ஆதாரம் எவ்வளவு பலவீனம் என்று ஒரு புத்தகமே எழுதினார். பெரிய திருப்பம் ஐரோப்பிய கவுன்சிலிடமிருந்து வந்தது. ஏ1, ஏ2, பி1 என்று நாம் சொல்லும் நிலைகளைத் தந்த 2001-ம் ஆண்டுச் சட்டகத்தில், புரிதல், வெளிப்பாடு, உரையாடல் ஆகியவற்றோடு நான்காவதாக ஒன்று இருக்கிறது: 'இடைநின்று உணர்த்தல்' என்று சொல்லலாம். இரண்டு பேர் நடுவில் நின்று ஒருவர் சொல்வதை மற்றவருக்குச் சேர்ப்பது. அதன் 2018, 2020 துணைப் பதிப்புகளில் இந்தப் பகுதி விரிவாக வளர்ந்தது. ஜெர்மன் பள்ளிகளில் 'ஷ்ப்ராக்மிட்லுங்' என்ற பெயரில் இது பாடத்திட்டத்திலும் தேர்விலும் வந்துவிட்டது. கேள்வி இப்படி இருக்கும்: விடுதி அறிவிப்பு ஒன்று ஜெர்மனில் இருக்கிறது, உன் வெளிநாட்டு நண்பனுக்கு அதிலிருந்து என்ன தெரிய வேண்டுமோ அதை ஆங்கிலத்தில் எழுது. வார்த்தைக்கு வார்த்தை இல்லை. யாருக்கு, எதற்கு என்று யோசித்து. ஆனந்தரங்கப் பிள்ளைக்கு இந்தத் தேர்வில் நூற்றுக்கு நூறு கிடைத்திருக்கும்.

நானே செய்து பார்த்தது

படித்ததோடு விட மனசு வரவில்லை. ஆஸ்கம் முறையை எனக்கு நானே நடத்திப் பார்த்தேன். தினமும் இரவு ஜெர்மன் செய்தி ஒன்றில் ஒரு பத்தி, தமிழில். மறுநாள் இரவு தமிழிலிருந்து ஜெர்மன். பிறகு டிஃப். ஆங்கிலத்துக்குப் பதில் தமிழைப் போட்டதில் எதிர்பாராத லாபம் கிடைத்தது.

குளிருது என்று சொல்ல நான் பல மாதம் 'இஷ் பின் கால்ட்' என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஆங்கிலத்தை மனசில் வைத்துக்கொண்டு கட்டிய வாக்கியம். ஜெர்மன் காதுக்கு 'நான் ஈரமில்லாத ஆள்' என்பது மாதிரி கேட்கும். சரியானது 'மிர் இஸ்ட் கால்ட்'. 'மிர்' என்றால் 'எனக்கு'. அதாவது, எனக்குக் குளிருது! தலை சுற்றுகிறது என்பது 'மிர் இஸ்ட் ஷ்விண்ட்லிஷ்' - எனக்குத் தலை சுத்துது. பிடிக்கிறது என்பது 'மிர் கெஃபெல்ட்' - எனக்குப் பிடிக்குது. நான்காம் வேற்றுமையோடு பிறந்து வளர்ந்தவனுக்கு இதில் புதிதாகக் கற்க என்ன இருக்கிறது? 'ஏனென்றால்' என்று தொடங்கும் துணை வாக்கியத்தில் வினை கடைசிக்குப் போய் உட்காருவதும் நமக்குப் பழகிய இடம்தான். எல்லா இடத்திலும் இப்படிப் பொருந்தாது. பொருள்களுக்கு ஆண்பால், பெண்பால், ஒன்றன்பால் விஷயத்தில் தமிழ் என்னைக் கைவிட்டுவிட்டது, டிஃப்பில் சிவப்புக் கோடுகள் பாதிக்கு மேல் அதுதான். ஆனால் எங்கே பொருந்துகிறது, எங்கே பொருந்தவில்லை என்பது தெரிந்துவிட்டது. மனசுக்குள் மொழிபெயர்க்காதே என்று சொன்ன வகுப்பில் நான் மொழிபெயர்க்காமல் இருந்ததே இல்லை. ரகசியமாக, ஆங்கிலம் வழியாக, யாரும் திருத்தாதபடி மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

இதற்கு ஒரு எல்லையும் உண்டு. எழுத்தில் ஒப்பிட்டுத் திருத்துவது ஒன்று, ஆள் எதிரே நிற்கும்போது வாயால் சொல்வது வேறு. முதலாவது மட்டும் செய்தால் என் பள்ளிக்கூடத்து இங்கிலீஷ் கதைதான் திரும்ப வரும். அதனால் வாய்மொழிப் பயிற்சி தனியாக வேண்டும்.

என் அக்கா மகள் நர்ஸிங் முடித்துவிட்டு ஜெர்மனி போவதற்காக பி2 படிக்கிறாள். தமிழ்நாட்டிலிருந்து இப்போது நிறையப் பேர் இந்த வழியில் போகிறார்கள். போன மாதம் ஊருக்குப் போனபோது மூன்று பேரும் உட்கார்ந்து ஒரு விளையாட்டு விளையாடினோம். அக்கா நோயாளி, தமிழ் மட்டும்தான். நான் டாக்டர், ஜெர்மன் மட்டும்தான். நடுவில் அவள். அக்காவிடம் முன்கூட்டியே எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை, வழக்கமாகப் புலம்புவது போலப் புலம்பச் சொன்னேன்.

அக்கா ஆரம்பித்தாள்: "நேத்திலேருந்து முதுகுல வாய்வு பிடிச்சிருக்கு."

அவள் முழித்தாள். "மாமா, வாய்வுக்கு ஜெர்மன்ல என்ன?"

"டாக்டருக்குத் தமிழ் தெரியாதும்மா" என்றேன்.

கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு அம்மா பக்கம் திரும்பி, "எந்த இடத்துல வலிக்குது? அழுத்துனா வலிக்குதா, மூச்சு இழுத்தா வலிக்குதா? கைக்குப் பரவுதா?" என்று கேட்டாள். பதிலை வாங்கிக்கொண்டு என்னிடம் ஜெர்மனில் சொன்னாள்: வலது தோள்பட்டைக்குக் கீழே, இழுத்துப் பிடிக்கிற மாதிரி வலி, குனிந்தால் அதிகம், கைக்குப் பரவவில்லை. வாய்வு என்ற சொல் காணாமல் போய்விட்டது. ஆனால் டாக்டருக்குத் தேவையான எதுவும் காணாமல் போகவில்லை. இலக்கணத்தில் இரண்டு இடம் தப்பு, அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நான் டாக்டராக அடுத்த கேள்வி யோசித்துக்கொண்டிருந்தபோது, நான் கேட்காமலேயே அவள் அம்மாவிடம் கேட்டாள்: "காலையில சாப்பிட்டியாம்மா? பிரஷர் மாத்திரை போட்டியா?"

கிருத்திகைக் கதையை நான் அவளிடம் அதுவரை சொல்லியிருக்கவில்லை. அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது சொன்னேன்.